பட்டரி இறங்கிய கார்

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கராஜில், வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மனிதரை நான் கள்ளன் என்றேன். அந்தச் சொல்லை நேரே சொல்லவில்லை. சொன்னதற்கு வேறு அர்த்தம் இருக்கவில்லை.

அவர் கார்களுக்கு வயரிங் வேலை செய்பவர். கைத்தொழில்காரரைக் கூப்பிடும் வழக்கப்படி எல்லோரும் அவரைப் பாஸ் என்று கூப்பிடுவார்கள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இளம் வயதிலேயே கொழும்புக்கு வந்து தொழில் பழகியவர். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், என்னைவிட நாலைந்து வயதே குறைந்த ஒரு பழைய இங்கிலாந்துக் காரை இரத்மலானையில் வாங்கினேன். அதன் வயர்கள் எல்லாம் உக்கிப்போயிருந்தன. பாஸ் பழைய வயர்களை ஒன்று விடாமல் உருவிப் போட்டுவிட்டு, முழுக்கப் புதிதாக இழுத்துத் தந்தார். புது பட்டரியும் அவரே வாங்கிப் பூட்டினார்.

ஒரு மாதம் கார் நன்றாக ஓடியது. பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை பட்டரி இறங்கத் தொடங்கியது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து மாடிக்காரர்கள் இரண்டு தடவை தள்ளித் தந்தார்கள். மூன்றாவது தடவை, மனைவியைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போக நின்றபோதும் அதே சத்தம். மனைவி இறங்கி ஓட்டோ பிடித்துப் போனாள். அந்தக் கோபத்தோடுதான் நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

"நீர் புது பட்டரியைக் கழட்டிப்போட்டு ஆரின்ரையோ பழசை மாட்டி விட்டிருக்கிறீர்" என்றேன். என்னைவிட வயதில் பெரிதாகக் குறையாத மனிதரை 'நீங்கள்' என்னாமல் 'நீர்' என்றேன்.

"அப்படி செய்ய மாட்டேன்ங்க. வேற எங்கயாவது கரண்டு இழுக்கும். பாக்கணும்."

"என்னத்தைப் பாக்கிறது? தோட்டத்து ஆக்களை நம்பி வேலை குடுத்தது என்ர பிழை."

அங்கே நின்ற இருவரில் ஒருவர் நிலத்தைப் பார்த்தார். பாஸ் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். "நாளைக்கு வீட்டுக்கு வந்து பாக்கிறேன்ங்க" என்றார்.

சொன்னபடி மறுநாள் காலை பத்து மணிபோல, ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். பட்டரியிலிருந்து காரின் உடலுக்குப் போகும் ஏர்த் வயரைக் கழற்றி, அதற்கும் பட்டரிக்கும் நடுவே ஒரு சின்ன பல்ப்பைத் தொடுத்தார். காரில் எல்லாம் நிறுத்தியிருந்தது, கதவுகளும் பூட்டியிருந்தன. பல்ப் எரியக் கூடாது. மங்கலாக எரிந்தது.

"பாருங்க, எதுவோ இழுக்குது."

அந்தக் காரில் இருப்பதே இரண்டு பியூஸ். இரண்டையும் கழற்றினார். பல்ப் அணையவில்லை. அப்படியானால் பியூஸ் வழியாகப் போகாத ஏதோ ஒன்று என்று சொல்லிக்கொண்டு பட்டரியிலிருந்து விரலால் தடவிக்கொண்டு போனார். ஒரு மெல்லிய கறுப்பு வயர் கால்மிதிக்குக் கீழால் ஓடி, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கமராவில் முடிந்தது. அதைப் பிடுங்கினார். பல்ப் அணைந்தது.

"இது நான் போட்ட வயர் இல்லீங்களே. யாரு போட்டது?"

நான்தான் போட்டேன். ஒழுங்கையில் நின்ற காரை யாரோ கீறிவிட்டார்கள் என்று, இரவு பகலாகப் படம் பிடிக்கட்டும் என்று கமராவை நேரே பட்டரியில் கொடுத்திருந்தேன். நான் பாலம் கட்டின இன்ஜினியர். வயரிங் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

"முந்தி வச்சிருந்த ஆள் போட்டிருப்பார்" என்றேன்.

பழைய வயர் எல்லாவற்றையும் உருவி எறிந்த மனிதரிடம் இதைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "சரிங்க" என்றார்.

அதோடு முடியவில்லை. ஏர்த் வயர் உடலோடு பூட்டியிருந்த இடத்தைக் கழற்றினார். கீழே பளபளவென்று பச்சைப் பெயின்ற். அந்த இடத்தில் அவர் முன்பு பெயின்றைச் சுரண்டி இரும்பை வெளியே எடுத்துத்தான் வயரைப் பூட்டியிருந்தார். அதைப் பார்த்த நான், ஏனோதானோ வேலை என்று நினைத்து, வயரைக் கழற்றி, மிச்சமிருந்த பெயின்றை அழகாக அடித்துத் திருப்பிப் பூட்டியிருந்தேன்.

"இரும்பு இரும்புல படணும்ங்க. இல்லேன்னா ஸ்டார்ட்டர் சுத்தாது, பட்டரியும் ஒழுங்கா சார்ஜ் ஆகாது" என்றார். யார் அடித்தது என்று இம்முறை கேட்கவில்லை. உப்புத்தாளால் தேய்த்து, பூட்டி, மேலே கிரீஸ் பூசினார். கார் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது.

அவர் போனபின் மனைவி கேட்டாள். "அந்த வயர் நீங்கள் போட்டதுதானே?"

"ஓம்."

"அப்ப ஏன் அந்தாளிட்டைச் சொல்லேல்லை?"

அவள் மதிலைக் காட்டினாள். "தேத்தண்ணி குடிச்ச கப்பை வெளிப் பைப்பில தானே கழுவிக் கவிட்டு வச்சிட்டுப் போயிருக்கிறார். ஆர் சொன்னது அவரைக் கழுவச் சொல்லி?"

யாரும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் தோட்டத்து ஆக்களுக்கு அதைச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. முதல் நாள் கராஜில் நான் சொன்னது மனைவிக்குத் தெரியாது. அன்றைக்குச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போக எனக்குப் பதினொரு நாள் எடுத்தது. இரண்டு தடவை கராஜ் வாசல்வரை போய், உள்ளே ஆட்கள் நிற்பதைக் கண்டு காரைத் திருப்பினேன். அவர் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். ஆட்களுக்கு முன்னால்தானே அவமதித்தேன் என்பது மூன்றாவது தடவைதான் உறைத்தது. உள்ளே போனேன். ஒரு வேன்காரர் நின்றார்.

"அந்தக் கமரா வயர் நான் போட்டது. பெயின்ற் அடிச்சதும் நான்தான். உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

"தெரியும்ங்க" என்றார்.

"அண்டைக்கு நான் சொன்னது..."

அவர் கையைத் துணியில் துடைத்தார். "பட்டரியைச் சொன்னது பரவாயில்லீங்க. அத கழட்டிக் காட்டிட்டேன். மத்தத எதக் கழட்டிக் காட்டுறது?"

"அது நான் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தலையை ஆட்டினார். மன்னித்ததாகவும் கொள்ளலாம், கேட்டதாகவும் கொள்ளலாம். பிறகு வேனுக்குள் குனிந்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து சிக்னல் லைற் வேலைக்காக அவருக்குப் போன் எடுத்தேன். மரியாதையாகத்தான் பேசினார். கையில் நிறைய வேலை என்றும், கொலன்னாவையில் ஒருவர் நன்றாகச் செய்வார் என்றும் சொல்லி, அவருடைய நம்பரைத் தந்தார். அங்கே போனேன். கொலன்னாவைக்காரர் காரின் பொனற்றைத் திறந்து, கட்டுக்கட்டாக ஒழுங்காக ஓடிய வயர்களைப் பார்த்துவிட்டு யாருடைய வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"அவர்கிட்டயே காட்டியிருக்கலாமே?"

"அவருக்கு வேலை கூடிப்போச்சு" என்றேன்.