முடியோட ஒரு படம்

செல்லசாமி படம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் எந்த நல்ல காரியமும் ஒரே தடவையில் முடிந்ததில்லை.

தைப்பொங்கலன்று பால் பொங்கி வழிந்தபோது அவர் போனின் கண்ணாடியை இடுப்பில் கட்டியிருந்த சாரத்து நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பால் அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் கொஞ்சம் பால் வாங்கி ஊற்றி, விறகை உள்ளே தள்ளி, திரும்பவும் பொங்க வைத்தார்கள். முதல் பொங்கல் சூரியனுக்கு, இரண்டாவது பொங்கல் பேஸ்புக்குக்கு. தீபாவளியன்று எண்ணெய் முழுகி, தலை துவட்டி, புதுச் சட்டையும் போட்டுவிட்ட மகன் கிஷாந்தைப் பிடித்து இழுத்து வந்து, எண்ணெய் வைக்கிற படம் விட்டுப்போய்விட்டது என்று மறுபடியும் உச்சியில் எண்ணெய் வைத்தார். கிஷாந்துக்கு வயது இருபத்து நாலு. அன்று முழுக்க எண்ணெய் வழிகிற முகத்தோடுதான் கூட்டாளிகள் வீட்டுக்குப் போனான்.

செல்லசாமியின் மனைவி ராசம்மா இதற்கெல்லாம் வாய் திறக்கமாட்டாள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருசமாகக் கொழுந்து எடுக்கிறவள். விடிந்ததும் சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு சூடம் கொளுத்திவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவாள். புருசன் சாராயக் கடைக்குப் போகாமல் போனோடு கிடக்கிறாரே, அதுவே சாமி செய்த புண்ணியம் என்று நினைத்துக்கொள்வாள்.

இந்தக் கலை செல்லசாமிக்கு வந்த விதம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருசத்துக்கு முன்னால், அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க ஹட்டனிலிருந்து ஒருவர் வந்தார். ஆட்களுக்குப் பின்னால் நீலத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒருவர் தேவைப்பட்டார். தேயிலையைக் கவ்வாத்து வெட்டி இடுப்புப் பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்த செல்லசாமி போனார். இரண்டு நாள் துணி பிடித்தார். மூன்றாம் நாள் அவருக்குப் படக்கலை முழுதும் தெரிந்திருந்தது. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மருமகன் திலக்ஷன் தன்னுடைய பழைய போனைக் கொடுத்ததும் கல்யாணம், காதுகுத்து, கொல்லையில் லீக்ஸ் பிடுங்குகிறது எல்லாவற்றையும் அந்தச் சட்டப்படியே எடுக்க ஆரம்பித்தார். இரண்டு காதும் தெரியவேண்டும். பல் தெரியக்கூடாது. சிரித்தால் ரிஜெக்ட் ஆகிவிடும் என்பார். பொங்கல் படத்தை யார் ரிஜெக்ட் செய்யப்போகிறார்கள் என்று அவரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. போன வருசத் திருவிழாவில் மாயாண்டிக்குச் சாமி வந்து ஆடியபோது, செல்லசாமி குறுக்கே போய் நின்று, காதை மூடியிருக்கிற முடியைக் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னார். சாமியும் ஒதுக்கிக்கொண்டு, படம் எடுத்து முடிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து ஆடியது.

ராசம்மாவுக்கும் கொஞ்சம் ஆசை இல்லாமல் இல்லை. அவள் சுளகில் அரிசி புடைக்கிற படம் ஒன்றை அவர் எடுத்திருந்தார். அதை யாரும் இல்லாத நேரத்தில் இரண்டு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தாள். மூன்றாம் தடவை கேட்க வெட்கமாக இருந்தது.

ஆனால் இந்தக் காரியம் வேறு. மகள் தனுஷிகாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருசம் கழித்துப் பெண்பிள்ளை பிறந்தது. நாளாகுமுன்னமே பிறந்த பிள்ளை, கையகலம்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ராசம்மா நுவரெலியாப் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றுக்கு மனசுக்குள்ளேயே நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால், பதினோரு மாசம் முடிவதற்குள் முதல் முடியை உன் வாசலில் இறக்குகிறேன் தாயே என்று. பிள்ளை பிழைத்தது. கொழுகொழுவென்று வளர்ந்தது. சுருட்டை சுருட்டையாக முடியும் வளர்ந்தது. கொழும்பிலிருந்து மகளும் மருமகனும் லீவு எடுத்து வரவேண்டும், வேன் கிடைக்கவேண்டும், தீட்டு எதுவும் வரக்கூடாது என்று நாள் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் பதினோராவது மாசத்தின் கடைசி நாளில் வந்து நின்றது. அது ஒரு சனிக்கிழமை. அந்தக் கோயிலில் உச்சிப் பூசைக்குப் பிறகு முடி இறக்கமாட்டார்கள். பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நேர்த்தி நேர்த்தியாக இருக்கும். சேராவிட்டால் அம்மனிடம் பொய் சொன்னவள் என்று ஆகிவிடும். ராசம்மா அன்று பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாமல் விரதம் இருந்தாள்.

ஏழு மணிக்கு வேன் வந்தது. தனுஷிகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, "அப்பா, முடி போகப்போகுதில்ல, முடியோட ஒரு படம் எடுங்க" என்றாள்.

நியாயம்தான் என்று ராசம்மாவும் நினைத்தாள். வாசலில் முடியோடு ஒரு படம் எடுத்தார்கள். அப்பாவோடு ஒன்று, அம்மாவோடு ஒன்று, மாமன் கிஷாந்தோடு ஒன்று. வேனுக்குள் முடியோடு ஒன்று. நோர்வூட்டில் பெட்ரோல் அடிக்க நிறுத்தியபோது முடியோடு ஒன்று. ஹட்டன் கடைத்தெருவில் பூமாலை வாங்கும்போது, மாலையைப் பிள்ளையின் கழுத்தில் போட்டுப் பார்த்து முடியோடு ஒன்று. அது சாமிக்கு வாங்கின மாலை என்று ராசம்மா சொன்ன பிறகு வேறு மாலை வாங்கினார்கள். பழைய மாலையோடு இன்னும் இரண்டு படம் எடுத்தார்கள், வீணாகப் போகக்கூடாதே என்று.

டெவன் அருவிக்கு எதிரே எல்லோரும் இறங்கினார்கள். அருவி இருந்தது, பிள்ளை இருந்தது, முடியும் இருந்தது. காற்று வந்து முடியைக் கலைத்துப் பிள்ளையின் காதை மூடியது. சீவி முடித்தபோது பனிமூட்டம் வந்து அருவியை மூடியது. பனி விலகட்டும் என்று அரைமணி நேரம் நின்றார்கள். பனி விலகியபோது பிள்ளை தூங்கிவிட்டது. தூங்குகிற பிள்ளைக்குக் கண் தெரியவேண்டுமே என்று எழுப்பினார்கள். எழுப்பினால் அழுதது. அழுகிற படம் ஒன்றும் எடுத்துக்கொண்டார்கள்.

தலவாக்கலை தாண்டியதும் திலக்ஷன் வேனை நிறுத்தச் சொன்னார். சாலையோரம் ஒரு மலை முழுக்கத் தேயிலை பச்சைப்பசேல் என்று இருந்தது. கடையில் கூட வேலை செய்கிறவர்கள் தேயிலைக்குள் நிற்கிற மாதிரி படம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். வாரத்தில் ஆறு நாள் தேயிலைக்குள் நிற்கிற ராசம்மா, கிடைத்த ஒரு நாள் லீவிலும் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினாள். மருமகன் முகம் சுருங்கக்கூடாதே.

செல்லசாமி போனை உயர்த்தினார், தாழ்த்தினார், வெயில் கண்ணில் படுகிறது என்று இடம் மாறினார். திலக்ஷனின் காது தெரியவில்லை என்று தலையைத் திருப்பிவிட்டார். இதற்குள் ராசம்மாவின் கை சும்மா இருக்கவில்லை. அன்று லீவு என்பது கைக்குத் தெரியாது. அவள் பாட்டுக்குப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கை அதுபாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தது. படம் எடுத்து முடிந்தபோது மடியில் அரைக் கிலோவுக்குக் குறையாமல் இருந்தது.

"யாரும்மா அது, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு எங்க மலையில கொழுந்து எடுக்கிறது?"

மேலே இருந்து கங்காணி ஒருவர் இறங்கி வந்தார். பெயர் பொன்னையா என்று பிறகு தெரிந்தது. அவருக்குப் பின்னால் கூடை மாட்டின பெண்கள் இருபது முப்பது பேர், வேடிக்கை பார்க்க வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

ராசம்மா மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தெரியாம நடந்துபோச்சுண்ணே. கை அதுபாட்டுக்கு எடுத்திருச்சு."

"கை அதுபாட்டுக்கு எடுத்துச்சா? எங்க ஆளுகளுக்குக் கை அதுபாட்டுக்கு நின்னுல்ல போவுது."

பெண்கள் சிரித்தார்கள். பொன்னையா அவள் மடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். முற்றல் இல்லை, காம்பு இல்லை, எல்லாம் இரண்டு இலையும் மொட்டும். அதைத் தன் ஆட்களிடம் நீட்டிக் காட்டி, பாருங்கள், கோயிலுக்குப் போகிற வழியில் எடுத்த கொழுந்து இப்படி இருக்கிறது, நீங்கள் சம்பளத்துக்குப் பேர் போட்டு எடுக்கிற கொழுந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்தப் பெண்கள் ராசம்மாவைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். கணக்கப்பிள்ளை வரும்வரை யாரும் அசையக்கூடாது என்று பொன்னையா கண்டிப்பாகச் சொன்னார். அந்தக் கண்டிப்பு செல்லசாமியின் கையிலிருந்த போனைப் பார்க்கும்வரை இருந்தது.

"இதுல நம்மளையும் ஒண்ணு எடுக்கலாங்களா?"

அடுத்த மாசம் அவருக்கு ஓய்வு. வெள்ளைக்காரர்கள் வேனில் வந்து இறங்கி இந்தப் பெண்களைத்தான் எடுக்கிறார்களாம். அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறார்களாம். இத்தனை வருசத்தில் தள்ளி நின்ற படம் கூட ஒன்று இல்லை என்றார். செல்லசாமிக்கு மனசு இளகிவிட்டது. கலைஞர் அல்லவா. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். ஒருத்தி சேலை நனையாமல் இடுப்பில் சுற்றியிருந்த படங்கை அவிழ்க்கவேண்டும் என்றாள். ஒருத்திக்குப் பவுடர் வேண்டும். அவளுடைய தங்கச்சி லயத்து வீட்டுக்கு ஓடினாள். தலைத்துணி காதை மூடுகிறது என்று செல்லசாமி ஒவ்வொருத்தியாகப் போய் ஒதுக்கச் சொன்னார்.

ராசம்மா வெயிலைப் பார்த்தாள். மருமகனிடம் மணி கேட்டாள். பத்து ஐம்பது. இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, திலக்ஷன் வரிசையின் ஓரத்தில் போய் நின்றுகொண்டார். பிள்ளையை ராசம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் தனுஷிகாவும் ஒரு கூடையை வாங்கி மாட்டிக்கொண்டாள். ராசம்மா புருசனிடம் போனாள்.

"என்னங்க, உச்சியாகப் போகுதுங்க."

"இந்தா, ஒரே ஒண்ணு."

காலையிலிருந்து அந்த ஒரே ஒண்ணை அவள் பத்துப் பதினைந்து தடவை கேட்டுவிட்டாள். பவுடர் இன்னும் வந்து சேரவில்லை. வளைவில் நுவரெலியா பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கேட்டது. ராசம்மா பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, மடிக் கொழுந்தைப் பொன்னையாவின் ஆட்கள் வைத்திருந்த கூடை ஒன்றில் கொட்டினாள். சீப்பும் கையுமாக நின்ற கிஷாந்தின் சட்டையைப் பிடித்தாள்.

"அம்மா, படம் எடுக்கலியே."

"தாய்மாமன் மடியிலதான்டா முடி எறக்கணும். வா."

பஸ்ஸில் ஒரு சிங்களப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். ராசம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பது வருசத்தில் புருசனிடம் சொல்லாமல் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. வழி முழுக்க அம்மனிடம் மன்னிப்புக் கேட்டாள், பிறகு புருசனுக்காகவும் கேட்டாள், கொழுந்து கிள்ளியதற்கும் சேர்த்துக் கேட்டாள்.

கோயில் வாசலை மிதித்தபோது பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தது. முடி இறக்குகிறவர் கத்தியை எடுத்து வைத்தார், பிள்ளையின் தலையை நனைத்தார், பிறகு இவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"படம் எடுக்கிற ஆள் எங்கம்மா?"

வரவில்லை என்றாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். போன மாசம் ஒரு குடும்பத்துக்குப் படம் எடுக்கிற ஆள் வருமுன்னே இறக்கிவிட்டாராம். முடியைத் திரும்ப ஒட்டிவைக்கச் சொல்லாத குறையாகச் சண்டை பிடித்தார்களாம். ஆள் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். பூசாரியும் ஆமாம் என்று தலையாட்டினார்.

ராசம்மா அதிர்ந்து பேசத் தெரியாதவள். அப்போதும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஐயா, நான் அம்மாகிட்ட நேந்துக்கிட்டது முடியத்தான். படத்தப் பத்தி நான் ஒண்ணும் பேசல."

பூசாரி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். கிஷாந்த் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளை மாமன் மடியில் ஒரு முறை வீரிட்டு, பிறகு அவன் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டு அடங்கியது. சுருட்டை முடி வாழையிலையில் விழ விழ ராசம்மா கைகூப்பியபடி நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது வேன் வந்து நின்றது. தனுஷிகா ஓடிவந்தாள். பிள்ளையின் தலையைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டீங்களா? ஒரு படங்கூட இல்லாமலா?"

ராசம்மா பிள்ளையின் நெற்றியில் வழிந்த சந்தனத்தை வழித்துவிட்டாள். செல்லசாமி மனம் தளரவில்லை. மொட்டைத் தலைக்கு மேலே கத்தியைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கும்படி முடி இறக்குகிறவரிடம் கேட்டார். அவர் சந்தோசமாகப் பிடித்துக்கொண்டார். வாழையிலையில் கிடந்த முடியை நாலு பக்கத்திலிருந்தும் எடுத்தார்கள். முடியோடு ஒன்று, பிள்ளை இல்லாமல். முடிக்குப் பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்து இன்னொன்று.

உச்சிப் பூசைக்கு மணி அடித்தது. பூசாரி சூடத்தட்டை ஏந்தினார். செல்லசாமி இதை விடுவாரா? அம்மனும் தெரியவேண்டும், குடும்பமும் தெரியவேண்டும் என்று எல்லோரையும் படியில் நிறுத்தி, தன் பக்கம் திரும்பச் சொன்னார். மகள் திரும்பினாள், மருமகன் திரும்பினார், பிள்ளையின் முகத்தையும் திருப்பினார்கள். சூடத்தட்டோடு பூசாரியும் பாதி திரும்பினார்.

"ராசம்மா, இந்தப் பக்கம் பாரு. ஒரே ஒண்ணு."

அவள் காதில் அது விழுந்ததா இல்லையா என்று செல்லசாமிக்கு இன்றுவரை தெரியாது. படம் நன்றாக வந்தது. திலக்ஷன் அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். அன்று சாயந்தரத்துக்குள் ஐந்தாறு பேர் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருந்தார்கள்: எல்லாம் வடிவாக இருக்கிறது, ஆனால் கோயில்ல முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறது யாரு?