கொண்டை ஊசியால் வரைந்த கண்

நாகலக்ஷ்மிக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது கண்ணுக்கு மை தீட்டும் முன் தன் இடது புறங்கையில், கட்டை விரலுக்குக் கீழே, ஒரு கோடு இழுத்துப் பார்ப்பாள். பேத்தியின் பள்ளிக்கூட நடனமானாலும் சரி, பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தமானாலும் சரி, முதல் கோடு அவள் கைக்குத்தான். சோப்புப் போட்டாலும் அது சட்டென்று போகாது. மருமகள் கலைச்செல்வி கல்யாணமாகி தாராவிக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சப்பாத்தி மாவு பிசையும்போதும் அது அங்கே இருக்கும்.

அந்தப் பழக்கம் செம்பூர்ப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வந்தது.

நாகலக்ஷ்மியின் அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவள் படிப்பு ஏழாவதோடு நின்றுபோனது. கல்யாணப் பெண்களுக்குத் தலை பின்னிப் பூத் தைத்துவிடப் போவாள். அப்படி மாட்டுங்காவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது, அவள் கை வேகத்தைப் பார்த்து, "என்னோட வரயாடி?" என்று கேட்டவள் மயூரிகா. இந்திப் படங்களில்தான் அந்தப் பெயர். மாட்டுங்காவில் அவள் வாலாம்பாள். நாகலக்ஷ்மிக்கு அன்று முதல் அக்கா.

மயூரிகா என்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது அவள் கண். வசனத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் இமையை உயர்த்துவாள். அதற்குள் தியேட்டரே அந்தக் கண்ணுக்காகக் காத்திருக்கும். மற்ற நடிகைகள் எல்லாரும் மை வாலை மேல் நோக்கி இழுத்துவிட்ட காலம் அது. இவளுக்கு மட்டும் வால் கீழே இறங்கி, முடியும் இடத்தில் மயிரிழையாக மெலிந்து நிற்கும். சிரிக்கும்போதுகூட இப்போதுதான் அழுது முடித்தவள் போல ஓர் ஈரம் தெரியும். காலேஜ் பெண்கள் எல்லாம் அப்படி வரைந்துகொண்டு ரயில் ஏறினார்கள். எத்தனை வரைந்தும் அந்த மெலிவு யாருக்கும் வரவில்லை.

அது எப்படி வந்தது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

வாலாம்பாளின் இடது இமை பிறவியிலேயே கொஞ்சம் கனத்தது. மேக்கப் போடுகிற சாவந்த் தாதா இரண்டு கண்ணையும் ஒன்று போலவே வரைவார். வெளிச்சம் விழுந்ததும் இடது கண் தூங்குவது போலத் தெரியும். கேமராக்காரர் முணுமுணுப்பார். கொண்டை போட்டபடியே ஒரு நாள் நாகலக்ஷ்மி வாயை விட்டுவிட்டாள்.

"அக்கா, ஒரு கண்ணு தொங்குதுன்னு எதுக்கு மறைக்கிய? இன்னொண்ணையும் கொஞ்சம் தொங்க விட்டா என்ன?"

வாலாம்பாள் கண்ணாடியிலேயே அவளை முறைத்தாள். "என் மூஞ்சியில குத்தம் கண்டுபிடிக்க ஒனக்கு அத்தனை தைரியமா? சரி, நீதான் வரையேன், பாப்போம்."

வரையக்கூடாது என்பதுதான் சிக்கல். அந்தக் காலத்தில் அங்கே மேக்கப்காரர்கள் சங்கத்தின் வழக்கம் ஒன்று இருந்தது. பெண் தலைமுடியைத் தொடலாம், முகத்தைத் தொடக்கூடாது. மேக்கப் ஆண்களின் வேலை. நாகலக்ஷ்மியின் பெட்டியில் ஒரு பிரஷ் இருந்தாலே அபராதம், சங்கத்துக் கார்டும் போய்விடும். ஆகவே அவள் பெட்டியில் இருந்ததைக் கொண்டே வரைந்தாள். கொண்டை ஊசியின் முனையை மையில் தோய்த்து, புறங்கையில் ஒரு முறை இழுத்துப் பார்த்து, பிறகு கண்ணில் இறக்கினாள்; இடது கண்ணைவிட வலது கண்ணின் வாலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாழ்த்தினாள். ஊசி என்பதால்தான் வால் அப்படி மெலிந்தது. சாவந்த் தாதா பார்த்தார். சங்கத்தில் போட்டுக்கொடுக்கவில்லை. ஸ்டுடியோவுக்குள் அவருக்குத்தான் பெயர் வந்தது. அதை அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் சங்கத்து ஆள் திடீரென்று அறைக்குள் வந்துவிட்டான். ஊசி அக்காவின் கண்ணருகில் நின்றது.

"க்யா கர் ரஹீ ஹை?" என்ன செய்கிறாய் என்று இந்தியில் அதட்டினான்.

"பால், சாப், பால்" என்று சொல்லிக்கொண்டே ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டாள் நாகலக்ஷ்மி. தலைமுடி என்றால் இந்தியில் பால். அவன் போன பிறகு அக்கா சிரித்த சிரிப்பில் இன்னொரு கண் மையும் கரைந்து, எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டியதாயிற்று.

அந்த வாரமே ஒரு பத்திரிகைக்காரர் வந்து, "இந்தக் கண் யார் யோசனை?" என்று கேட்டார். "நானேதான் வரைஞ்சுக்கறேன்" என்றாள் மயூரிகா. அவர் போனதும் நாகலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் பேரைச் சொன்னா நாளைக்கே ஒன்னை வெளில தள்ளிடுவா. இந்த வழக்கம் என்னிக்குப் போறதோ, அன்னிக்கு மொதல் ஆளா நான் சொல்லுவேன், நாகு. இது சத்தியம்."

நாகலக்ஷ்மி அந்தச் சத்தியத்தை நம்பினாள். கல்யாணம் ஆயிற்று, ஒரு மகன் பிறந்தான். அக்காவுக்குப் படங்கள் குறைந்தன; அவள் செம்பூரில் ஒரு ஃபிளாட்டில் தனியாகத் தங்கிவிட்டாள். நாகலக்ஷ்மி வேறு நடிகைகளுக்குக் கொண்டை போட்டாள், விக் வைத்தாள். அவர்கள் யாருடைய கண்ணையும் தொடவில்லை. எப்போதாவது கலைச்செல்வியிடம் சொல்வாள்: "அக்கா ஒரு நாள் சொல்லுவா. அப்ப தெரியும் ஒங்களுக்கெல்லாம்."

பத்து வருஷங்களுக்கு முன் கோர்ட்டில் கேஸ் நடந்து அந்த வழக்கம் ஒழிந்தது. அதற்கு அடுத்த வருஷம் மயூரிகாவின் பேட்டி டிவியில் வரப்போவதாக விளம்பரம் வந்தது. நாகலக்ஷ்மி சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். பத்தடி அறையில் பக்கத்து வீட்டு கீதாவும் மற்றப் பெண்களும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கலைச்செல்வி எல்லாருக்கும் சாய் போட்டாள்.

பேட்டி எடுத்த பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள், அந்தக் கண்ணைப் பற்றி. மயூரிகா இமையை மெதுவாக உயர்த்தினாள்.

"எப்போதும் நானேதான் வரைந்துகொள்வேன்."

அறையில் எல்லாரும் நாகலக்ஷ்மியைத் திரும்பிப் பார்த்தார்கள். கீதாதான் தாங்க முடியாமல் ஆரம்பித்தாள்.

"என்ன பெரியம்மா, அவங்களே வரைஞ்சுக்கிட்டாங்களாம்ல? அப்ப நீங்க எத வரைஞ்சீங்க, மீசையவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நாகலக்ஷ்மியும் சிரித்தாள். அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவப் போனவள் வெகுநேரம் குழாயடியை விட்டு வரவில்லை.

சில மாதங்கள் கழித்து அக்காவே போன் செய்தாள். "நாகு, ஏதோ அவார்டு குடுக்கறாளாம்டி. வேற யாரும் என் கண்ணைத் தொடப்படாது. நீதான் வரணும், மேடை வரைக்கும் என் கூடவே இருக்கணும்."

"எனக்குக் கை நடுங்குதுக்கா" என்றாள் நாகலக்ஷ்மி. "முந்தி மாதிரி இல்ல."

அக்கா வற்புறுத்தவில்லை. "ஓ. சரி, ஒடம்பைப் பாத்துக்கோ."

போனை வைத்ததும் கலைச்செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தை, நேத்துதான கீதா மகளுக்கு வரைஞ்சிய? எப்ப நடுங்குச்சு?"

"ஒஞ் சோலியப் பாருட்டி."

விழாவை டிவியில் காட்டினார்கள். யாரோ ஒரு புதுப் பெண் பழைய போட்டோவைப் பார்த்து இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரி வால் இழுத்திருந்தாள். வயதில் இடது இமை இன்னும் இறங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில் இடது கண்ணையே காணவில்லை. மயூரிகா பரிசை வாங்கிக்கொண்டு நன்றி என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டாள். மறுநாள் கீதா போனை நீட்டினாள். கிழவி தூங்கிக்கொண்டே அவார்டு வாங்குகிறாள் என்று யாரோ பாட்டுப் போட்டு வீடியோ செய்திருந்தான். நாகலக்ஷ்மிக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, 'நல்லா வேணும்' என்று இருந்தது. அந்த ஒரு நொடியை நினைத்துத்தான் அவளுக்கு இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பாள். முழங்கால் வலி என்பாள், மழை என்பாள், மகனுக்கு லீவு வரட்டும் என்பாள். கடைசியில் அவள் செம்பூருக்கு பஸ் ஏறியபோது வருஷங்கள் ஓடியிருந்தன.

அக்கா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்காரப் பெண் காப்பி கொண்டுவந்தாள். பழைய வழக்கப்படி நாகலக்ஷ்மி அதை வாங்கி டவராவில் உயரத் தூக்கி ஆற்றினாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொட்டு சிந்தலை" என்றாள். "கை நன்னாத்தாண்டி இருக்கு."

நாகலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக, "நீங்க மட்டும் டிவில ஏன்க்கா அப்படிச் சொன்னிய? சத்தியம் பண்ணியள்லா?" என்று கேட்டாள்.

"ஒன்னைக் காப்பாத்தச் சொல்ல ஆரம்பிச்சது. வருஷக்கணக்காச் சொல்லிச் சொல்லி, நானேதான் வரைஞ்சேன்னு எனக்கே படிஞ்சு போச்சு. லைட்டைப் போட்டு மைக்கை நீட்டினதும் வாய் தானாச் சொல்லிடுத்து. ஆத்துக்கு வந்தப்பறம்தான் ஒன் மொகம் வந்துது." அக்கா காப்பியைத் தொடவில்லை. "அதனாலதான் அந்த மேடைக்குக் கூப்பிட்டேன். ஒன்னைப் பக்கத்துல நிறுத்தி வெச்சுண்டு சொல்லலாம்னு."

"போன்ல சொல்லிருக்கலாம்லாக்கா."

"சொல்லியிருக்கலாம். வெக்கமா இருந்துது. வேற என்ன?"

நாகலக்ஷ்மி பையைத் திறந்தாள். மைச் சிமிழும் ஊசியும் கொண்டுவந்திருந்தாள். "இப்ப வரையுதேன்க்கா. ஒரு போட்டோவாச்சும் எடுப்போம்."

"வேண்டாம்டி. கண்ணுல பிரஷர். ரெண்டு ஆபரேஷன் ஆயாச்சு. இனிமே மை பக்கமே போகப்படாதுன்னுட்டார் டாக்டர்."

நாகலக்ஷ்மி சிமிழை மூடினாள். அழவில்லை. அக்காவின் தலை சிக்குப் பிடித்துக் கிடந்ததைப் பார்த்து, எழுந்து சீப்பைத் தேடினாள்.

இப்போது வாலாம்பாளுக்கு எண்பது தாண்டிவிட்டது. இடது கண்ணில் பார்வை இல்லை. நாகலக்ஷ்மி மாதம் ஒரு முறை செம்பூருக்குப் போய் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டு வருகிறாள். பழைய பேச்சை இருவரும் எடுப்பதில்லை. மயூரிகாவின் கண்ணை மயூரிகாவே வரைந்துகொண்டாள் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.