பக்கத்து மிஷின்

மிஷினில் உட்காருமுன் விஜயகுமாரி டெட்டால் நனைத்த துணியால் நாற்காலியைத் துடைக்கிறாள். கடை ஊசியைக் கழற்றிவிட்டுச் சொந்த ஊசியை மாட்டுகிறாள். டேப்பும் வீட்டிலிருந்து வந்ததுதான். மதுராந்தகம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த பிளவுஸ் கடையில் அவளைப்போல் கழுத்து வெட்ட ஆளில்லை. அவளைப்போல் சந்தேகப்படவும் ஆளில்லை. ஷேர் ஆட்டோ கம்பியை முந்தானை சுற்றித்தான் பிடிப்பாள். ஓட்டலில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்.

பெரிய சந்தேகம் பக்கத்து மிஷின் காயத்ரியின் மேல். படாளத்திலிருந்து வருகிறவள், புருஷன் இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி மாத்திரை போடுவாள்.

“இன்னா மாத்திர அது?”

“சத்து மாத்திரக்கா.”

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில், எச்.ஐ.வி. பார்க்கும் அறை வாசலில் காயத்ரியைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். மறுநாளே விஜயகுமாரியின் நாற்காலி தள்ளிப் போனது. கடையின் பொதுக்குடத்துத் தண்ணீர் குடிப்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

மனசு கேட்காமல் அந்த அறைக்கே போய் விசாரித்தாள்.

“வேர்வ பட்டா?” “வராதும்மா.”

“ஒரே சொம்புல குட்ச்சா?” “வராது.”

“கொசு அவளக் கட்ச்சிட்டு என்ன கட்ச்சா?” “அப்பவும் வராது.”

வரக்கூடிய வழிகளையும் அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். விஜயகுமாரி வீட்டுக்கு வந்து மகள் வைஷாலியிடம், “எத கேட்டாலும் வராதுன்றா. எதையோ மறைக்கிறாங்கடி,” என்றாள்.

ஒரு நாள் காயத்ரி ஓரம் அடித்துக் கொடுத்த பிளவுஸிலிருந்த குண்டூசி விஜயகுமாரியின் விரலில் ஏறிவிட்டது. அடுத்த வாரம் காய்ச்சல். உடம்பெல்லாம் வலி. விஜயகுமாரிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. வைஷாலியின் நிச்சயதார்த்தம் நெருங்கிய நேரம். “என் தட்டுல துன்னாத. என் துணியத் தொடாத,” என்று மகளை விரட்டினாள். டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள்.

வந்தது டெங்கு. மற்றது இல்லை. குண்டூசி குத்தியதை அவள் சொன்னபோது டாக்டரம்மா, “அதுல வராதும்மா, வீணா பயந்துட்டீங்க,” என்றார். விஜயகுமாரி ரிசல்ட்டில் தன் பெயர்தான் இருக்கிறதா என்று வைஷாலியை மறுபடி படிக்கச் சொன்னாள்.

எழுந்து உட்கார ஆரம்பித்த நாளில் காயத்ரி வீட்டுக்கு வந்தாள். விஜயகுமாரி கடையில் பாதியில் விட்டிருந்த வைஷாலியின் நிச்சயதார்த்த பிளவுஸை முடித்துக் கொண்டு வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று பையை நீட்டினாள்.

“எனக்கு அது கீதுதான்க்கா. மாத்திர போட்டுகினு நல்லாத்தான் கீறேன். உன்னாண்ட சொல்லலாம்னு வந்தேன் ஒரு நாளு. நீ உன் சேர தள்ளிப் போட்டுகின.”

காயத்ரி பையிலிருந்து பிளவுஸை வெளியே எடுத்தாள்.

“நான் எப்பவும் நூல பல்லாலதான் கடிப்பேன். இதுல கடிக்கல. எல்லாம் கத்திரிலதான் வெட்னேன். பயப்படாம போடச் சொல்லு.”

விஜயகுமாரி பிளவுஸை வாங்கி, தையல் தையலாகத் திருப்பிப் பார்த்தாள். காயத்ரியின் கண் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்குளோரம் ஒரு நூல் வெட்டப்படாமல் தொங்கியது. கத்திரி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. விஜயகுமாரி அந்த நூலைப் பார்த்தாள். பிறகு பிளவுஸை வாய்க்குக் கொண்டுபோய், பல்லால் கடித்துத் துண்டித்தாள்.