சன்னலுக்கு நேரே விட்ட இடம்

குடியிருக்கும் மனை கூலி ஆட்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்த சமயம். குடவாசல் தாலுகா ஆபீசில் நான் குமாஸ்தா. பட்டா கேட்டு வரும் சனம் என் சன்னலை மொய்க்கிறது என்று தாசில்தாருக்கு எரிச்சல். ஆபீசைச் சுற்றிலும் வேலிச்செடி நடச் சொன்னார். நட வந்தவளே ஆறு முறை மனு கொடுத்தவள்தான்.

தூக்கிச் செருகிய சேலை, சிரிக்காத முகம். நாற்று நடுவதுபோலவே குனிந்து பின்னால் நகர்ந்து, செடிக்குச் செடி தன் சாணால் அளந்து நட்டாள். என் சன்னலுக்கு நேரே மட்டும் இரண்டு முழம் விட்டுவிட்டாள்.

“ஏம்மா, அங்க ஏன் நடல?” என்று கத்தினேன்.

நிமிர்ந்தாள். “பூச்சி விழும்னு வயல்லயே நடுநடுவுல வழி விட்டு நடச் சொல்றீங்க, கவர்மெண்டுல. மனு கொடுக்க வர்ற சனம் எப்படி சார் வரும், செடிய மிதிச்சுக்கிட்டா?”

மறுநாள் தாசில்தார் உத்தரவு. அந்த இடத்தில் நானே நட்டேன், வெட்கமில்லாமல். ஒரே வாரத்தில் எல்லாம் மிதிபட்டுச் செத்தன.

எனக்கு மாற்றல் வந்த அன்றும் அந்த வழியாகத்தான் வந்து நின்றாள், ஏழாவது மனுவோடு. நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த மனுவை வாங்கி, பழைய ஆறு மனுக்களின் மேலேயே வைத்தேன்.