நின்றால் நடுங்கும் எஞ்சின்

கடலே இல்லாத மாவட்டம் எங்களுடையது. இங்கே படகுக்குக் கடல் எஞ்சின் வாங்கி மாட்டியவர் என் மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர். ஓசூர்ப் பக்கத்து அணையில் மீன் குத்தகை எடுத்திருந்தார். துடுப்புப் போட்டால் கௌரவக் குறைச்சல் என்று, இஞ்செக்‌ஷன் வைத்த பெட்ரோல் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து படகின் பின்னால் தொங்கவிட்டார். கெட்டால் பார்க்க நான் இருக்கிறேன் என்ற தைரியம். பைக் தொழிற்சாலையில் எஞ்சின் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன் என்பதற்காக, மிக்ஸி நின்றால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"மாப்ள, ஐட்லிங்ல நிக்க மாட்டேங்குது. அவன் பெட்ரோல்ல எதையோ கலந்துட்டான். நீ பாத்து ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, நாளையிலேர்ந்து வராதேன்னு சொல்லிடறேன்" என்றார் போனில். அவன் என்றது படகோட்டியை.

ஞாயிறு காலை போனேன். கரையில் இறங்கியதுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். கர்நாடகத்திலிருந்து வரும் ஆறு வழியிலுள்ள கழிவையெல்லாம் சுமந்துவந்து இங்கே நுரை தள்ளுகிறது. காற்றடித்தால் நுரை பிய்ந்து வந்து சட்டையில் ஒட்டும். சோப்பும் சாக்கடையும் கலந்த வாடை. இந்தத் தண்ணீரில் வளரும் மீனைத்தான் மச்சான் சந்தைக்கு அனுப்புகிறார். அக்கா சமையலுக்கு மட்டும் வேறு இடத்தில் வாங்குவார்.

படகோட்டி முழங்கால் அளவு நுரையில் நின்று படகைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் ஊர்க் காலனிக்காரர். அவருடைய அப்பா எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசுவார், நான் 'வா, போ' என்பேன். எழுதும்போதுதான் எனக்கு 'அவர்' வருகிறது.

"நான் ஒண்ணும் கலக்கலைங்க. பங்க்ல புடிச்சத அப்படியேதான் ஊத்தறன். வேகமா ஓட்டுனா நல்லாத்தாங்க போவுது. வலைகிட்ட வந்து நிறுத்துனா ஒதறிக்கினு அணைஞ்சிடுது."

பாதி ரிப்பேர் அந்தப் பேச்சிலேயே இருந்தது. வேலையிடத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால், காற்று போகும் வழியைப் பார் என்று சட்டென்று சொல்லியிருப்பேன். அவரிடம் சொன்னது வேறு.

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியும்."

பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தேன். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். தங்கவில்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிளக்குகளைக் கழற்றினேன், கரி பிடித்திருந்தது. துடைத்து மாட்டினேன். பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். இரண்டு மணி நேரம் போனது. ஸ்டார்ட் செய்தால் மறுபடியும் அதே நடுக்கம், அதே சாவு. ஈக்கள் வாயைச் சுற்றின. கொஞ்சம் வேகம் கொடுத்துப் பார்த்தேன். உடனே சீராக ஓடியது. அவர் சொன்னது அதைத்தானே என்று அப்போதுதான் உறைத்தது.

காற்றுக்குழாயின் மூடியைக் கழற்றினேன். ஐட்லிங்கில், அதாவது வேகம் கொடுக்காமல் சும்மா ஓடும்போது, பெரிய வாய் மூடியிருக்கும், பக்கத்திலுள்ள சின்னத் துளை வழியாகத்தான் எஞ்சின் மூச்சு விடும். அந்தத் துளையில் மஞ்சளாக ஏதோ இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம். நடுவில் குங்குமச் சிவப்பு.

ஆயுத பூஜையன்று அதை வைத்தவன் நான். சுற்றி நின்ற உறவுக்காரர்களுக்கு வித்தை காட்ட மூடியைத் திறந்து, இதுதான் எஞ்சினுக்கு மூக்கு என்று சொல்லி, தண்ணியாகக் குழைத்த சந்தனத்தை அப்பினேன். தினமும் ஓட்டுகிறவர் என்று படகோட்டியும் பொட்டு வைக்க வந்தார். "நீ தள்ளி நில்லு, பூஜை சாமான தொடாத" என்றேன். தள்ளி நின்றார். ஆக, அந்த எஞ்சினில் சந்தனம் வைத்திருக்கவே முடியாத ஒரே ஆள் அவர்தான். நுரை நாற்றம் அதன்பிறகு எனக்குத் தெரியவில்லை. நாறியது நான்தான்.

துளையைச் சுத்தம் செய்து ஸ்டார்ட் செய்தேன். நடுக்கம் போய்விட்டது. என் நகத்திலிருந்த மஞ்சளை அவர் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மச்சானின் போன்.

"என்னா மாப்ள, பெட்ரோல்தானே?"

படகோட்டி மூன்றடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்செக்டர்ல அழுக்கு மச்சான்."

"நான்தான் சொன்னன்ல, அவன் ஊத்துனதுதான்."

"ம்."

அந்த ஒரு எழுத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் சிரமமாக இல்லை. போனைப் பையில் போட்டுவிட்டு நுரையில் கை கழுவக் குனிந்தேன்.

"அதுல கழுவாதீங்க, அரிக்கும்" என்றார். தான் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். கையை நீட்டினேன். பாட்டிலின் வாய் என் விரலில் பட்டுவிடாமல் ஒரு முழம் உயரத்தில் பிடித்து, தீரும்வரை ஊற்றினார்.

மறுநாளிலிருந்து வேறு ஆள் படகு ஓட்டுகிறான். எஞ்சின் ஒரு தடவைகூட அணையவில்லை. பழையவன் போனதும் சரியாகிவிட்டது என்று மச்சான் எல்லோரிடமும் சொல்கிறார், சாட்சிக்கு என்னைக் காட்டுகிறார்.