மேடத்தின் வரிக்கத்தரி

எவர்சில்வர் தட்டில் இரண்டு கத்தரிக்காய்கள் நெடுக்காக அரிந்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின் சதைக்குள் பழுப்பாய் ஒரு துளை ஓடியது. அதன் முனையில் இளஞ்சிவப்புப் புழு நெளிந்தது. மற்றதில் வெள்ளைச் சதையும் விதையும் மட்டும். கடற்கரைக்கு அடுத்த தெருவில், பிரெஞ்சுக்காரர் காலத்து மண்டபம் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில், அந்தத் தட்டை மேடையில் கொண்டுபோய் வைத்தவள் நான். மரபணு மாற்றிய கத்தரியை வயலுக்கு விடலாமா கூடாதா என்று நாடெங்கும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். இரண்டாயிரங்களின் கடைசி.

அப்போது நான் நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. என் பேராசிரியையை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். சேதராப்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தம்பி அங்கே தன் புன்செய்க் கொல்லையில் கத்தரி பயிரிட்டுவந்தார். காய்ப்புழுவுக்காக ஓயாமல் மருந்தடிப்பார்; மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. இந்த ஆராய்ச்சியில் இறங்கியதற்கு மேடம் சொன்ன காரணம் இது ஒன்றுதான்: "செடியே புழுவ பாத்துக்கிச்சின்னா அவன் அந்த விஷத்த முதுகுல தூக்கிக்கினு அலைய வேணாம்." புழுவைக் கொல்லும் மரபணு ஒரு விதை நிறுவனத்திடமிருந்து வந்தது. அதை ஏற்றிய வரிக்கத்தரி, தம்பி தன் கொல்லையிலிருந்து கொடுத்த விதை. வருஷக்கணக்காகப் பாடுபட்டு, வலையடித்த கண்ணாடி வீட்டுக்குள் செடிகளைக் காய்க்க வைத்தோம். அந்தக் காயைத் தின்ற புழு செத்துக் கிடந்த காலையில், சிரித்தே நாங்கள் பார்த்திராத மேடம் எங்கள் எல்லோருக்கும் காபி வாங்கித் தந்தார்.

மண்டபத்தில் பாதிப் பேர் எதிர்ப்பதற்கென்றே வந்திருந்தார்கள். முழக்கங்களையெல்லாம் மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்போது பின்வரிசையிலிருந்து அவர் தம்பி எழுந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். விதை நான் குடுத்தது. இந்தச் செடியில வர்ற விதைய எடுத்து வச்சி அடுத்த போகத்துக்கு நான் வெதைக்கலாமா? பக்கத்துக் கொல்லக்காரனுக்கு ஒரு புடி குடுக்கலாமா?"

மேடையிலிருந்த நிறுவன அதிகாரி மைக்கை இழுத்து, அதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். மேடம் மைக்கைத் திரும்ப வாங்கினார்.

"கூடாது. இப்ப இருக்கற ஒப்பந்தப்படி கூடாது. உள்ள வச்ச மரபணு அவங்களது. அவங்க அனுமதி இல்லாம நீ வச்சிக்கவும் முடியாது, குடுக்கவும் முடியாது."

"அப்ப என் கத்தரி இனிமே என்னுது இல்ல."

"செடி மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா நீ கேட்டதுக்குப் பதில் இதான்."

எதிர்ப்பாளர்கள் கைதட்டினார்கள். அது மேடத்துக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தங்கள் கூட்டங்களில் பேச வரும்படி பிறகு கேட்டபோதும் மறுத்துவிட்டார். மேடையில் சொன்ன அந்தப் பதிலைக் காரணம் காட்டி, நிறுவனம் சில வாரங்களில் ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொண்டது. விலகினால் செடி, விதை, திசு எதுவும் மிஞ்சாமல் அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கொஞ்சம் விதையை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று நான் கெஞ்சினேன். "முழுசா சோதிக்காத விதை வெளிய போயிட்டா நாளைக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்றவர், கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு செடியாகத் தாமே பிடுங்கினார். எரியுலையில் போடும்வரை யாரையும் தொடவிடவில்லை.

அடுத்த கோடையில் தம்பி மருந்தடித்துக்கொண்டிருந்தபோது காற்று திசை மாறியது. கொல்லையிலேயே மயங்கி விழுந்தவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிழைப்பாரா என்று சில நாட்கள் யாருக்கும் தெரியவில்லை. நானும் மேடத்துடன் வார்டில் இருந்தேன். பேச்சு வந்ததும் தம்பி மெதுவாகக் கேட்டார்:

"அக்கா, அந்தச் செடி ஒண்ணு ரெண்டாவது வச்சிருக்கியா?"

"இல்லடா. எல்லாத்தையும் நானே எரிச்சிட்டேன்."

தம்பி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அன்னிக்கி அத கேக்காம இருந்திருக்கலாம்."

"நீ கேட்டது சரிதான். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் கேட்டிருக்கணும்."

வீடு திரும்பிய தம்பி, தொழிற்பேட்டையில் காவல் வேலைக்குப் போய்விட்டார். மேடம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை யாருடைய மரபணுவும் வேண்டாம் என்று, புழு அதிகம் அண்டாத காட்டுக் கத்தரியோடு மகரந்தம் சேர்க்கும் பழைய முறை. முன்னதைவிட மெதுவான வேலை. அது முடிவதற்குள் ஓய்வு பெற்றார்; இப்போது அதை நான் தொடர்கிறேன். அவர் எந்தப் பக்கம் என்று இன்றும் மாணவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் அவர்களைச் செடிகளிடம் கூட்டிப்போகிறேன். இந்த வருஷத்துக் காய்களிலும் புழு இருக்கிறது. போன வருஷத்தைவிடச் சற்றுக் குறைவு.