கடைசிப் பக்கத்தை முதலில் படித்த அக்கா

எங்கள் அக்கா ஒரகடத்துக்குப் பக்கத்தில், இன்று லாரித் தொழிற்சாலையின் மதில் ஓடும் இடத்தில் பிறந்தார். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், அவருடைய பொறுமையைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்க்கலாம். பொறுமையா? அக்காவுக்கா?

பதின்வயதில் எனக்கு ஒரு துப்பறியும் நாவலாசிரியர்தான் தெய்வம். மாதம் ஒரு நாவல் வரும். ஸ்ரீபெரும்புதூர் வாடகை நூலகத்துக்கு ஓடிப்போய் எடுத்து வருவேன். அக்கா அதைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பார். படித்த கையோடு முதல் பக்கத்தில் கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதிவைப்பார், எனக்கு மட்டுமில்லை, அடுத்து எடுக்கப்போகும் ஊராருக்கும் சேர்த்து. நூலகக்காரர் திட்டுவது என்னை. ஏன்க்கா இப்படி என்றால், "யாருன்னு தெரியாம எப்டிடா படிக்கிறது? மனசு அடிச்சிக்கினே கெடக்காதா?" என்பார்.

மாமா தவறிப்போன பிறகு வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் மெஸ் நடத்தித்தான் மகளை ஆளாக்கினார். ஷிஃப்ட் முடிந்து வரும் தெற்கத்திப் பையன்கள் டிவியில் படம் பார்த்தபடி சாப்பிடுவார்கள். சாம்பார் ஊற்றும்போதே யார் சாகப்போகிறார் என்று அக்கா சொல்லிவிடுவார். "எக்கா, சோத்த மட்டும் போடுங்க, கதைய நாங்க பாத்துக்கிடுதோம்" என்று திருநெல்வேலிப் பையன் ஒருவன் கும்பிட்டான். அவனுக்கு மறுசோறு வைத்துக்கொண்டே மிச்சக் கதையையும் முடித்துவைத்தார்.

இந்தக் கட்டுரைக்காக அந்த நாவல்களைத் தேடிப் பிடித்து மறுபடி படித்தேன். எரிச்சல்தான் மிச்சம். மழை பெய்கிறது, கதவு திறக்கிறது, அலறல் கேட்கிறது, அத்தியாயம் முடிகிறது. மறுபடி மழை. இதற்காகவா கணக்குப் பரீட்சையைக் கோட்டைவிட்டேன்? முடிவை மறைப்பது ஒன்றுதான் அந்த மனிதருக்குத் தெரிந்த வித்தை. அது அக்காவிடம் ஒருநாளும் பலிக்கவில்லை.

எனக்கும் பலிக்கவில்லை. ஸ்கேனில் கட்டி பரவியிருப்பது தெரிந்ததும், அக்காவிடம் அல்சர் என்று சொல்லிவிடலாம் என அவர் மகளும் நானும் பேசிவைத்திருந்தோம். டாக்டருக்குக் கண்ஜாடை காட்டினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னா ஆவும்னு மொதல்ல சொல்லிடுங்க சார். அப்பாலதான் எனக்கு மத்த வேலை ஓடும்."

டாக்டர் சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் நான் அழுதேன். அக்கா மெஸ்ஸுக்குக் கத்திரிக்காய் வாங்க வண்டியை நிறுத்தச் சொன்னார். பிறகு இருந்த மாதங்களில் மகள் கல்யாணத்தை முன்னால் இழுத்தார். பந்தியில் தானே நின்று பரிமாறினார். மெஸ்ஸை உடன் சமைத்த அம்மாளிடம் ஒப்படைத்தார். உட்கார் என்று கெஞ்சியதற்காக என்னோடு தினமும் சண்டை போட்டார்.

ஓவர்டைமை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வந்த பையன்களுக்கும், கடைசி நாட்களில் கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த டாக்டருக்கும்தான். அன்று அவர்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இந்த மலரின் முதல் பிரதியை அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.